இறக்கின காருக்கு அடியில ஜாக்கி போகலையா? வாசகர் கேள்வியும் நம்ம பதிலும்

போன மாசம் லோயரிங் ஸ்பிரிங், அதாவது கார் பாடிய தரைக்கு கிட்ட இறக்கறதுக்குப் போடற குட்டை ஸ்பிரிங் பத்தி ஒரு சின்ன கேள்விக்கு பதில் போட்டிருந்தோம். அதுக்கப்புறம் வந்த கடிதத்துல பெரும்பாலானது ஒரே விஷயம்தான், கார இறக்கியாச்சு, இப்ப தூக்க முடியல. அதனால இந்த மாசம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், இன்ஜின் ஆயில் பத்தி கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கணும்.

அண்ணா வணக்கங்க. என்கிட்ட 2015 மாடல் ஹோண்டா சிட்டி இருக்குதுங்க. லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மில்லிமீட்டர் இறக்கியிருக்கேன். பிரேக் பேட் நானே மாத்தலாம்னு ட்ராலி ஜாக்கி வாங்கிட்டு வந்தா அது அடியிலயே நுழைய மாட்டேங்குதுங்க. நான் கைல கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறேன், நீ ஜாக்கிய உள்ள தள்ளுன்னு பிரண்டு சொல்றான். செய்யலாமுங்களா?
ஒரு வாசகர், பீளமேடு, கோவை

வேண்டாம் தம்பி, மொதல்ல அந்த யோசனைய விட்டுருங்க. உங்க கார் சுமார் 1,100 கிலோ, இன்ஜின் முன்னாடி இருக்கறதால அதுல 60 சதவீதம் போல முன் சக்கரம் ரெண்டு மேலதான் உக்காந்திருக்கு. அத ஒருத்தர் கைல தாங்கி இன்னொருத்தர் அந்த சந்துல கைய விட்டு ஜாக்கிய தள்ளினா விரலு போயிரும். அதோட நம்ம ஆளுங்க தூக்கிப் பிடிக்கிறது பெரும்பாலும் கதவுக்கு கீழ ஓடற சைடு ஸ்கர்ட்ட, அது வெறும் பிளாஸ்டிக்கு, கிளிப்புல மாட்டியிருக்கு, கையோட கழண்டு வரும்.

ஏன் நுழையலன்னு கணக்கு பாருங்க. சாதாரண 2 டன் ட்ராலி ஜாக்கி முழுசா இறங்கியிருந்தாலும் அதோட தலை தரையிலருந்து 130, 140 மில்லிமீட்டர் ஒசரத்துல நிக்கும், அது மேல ரப்பர் பேடு வச்சா இன்னொரு 25 சேத்துக்கோங்க, ஆக 160 வேணும். உங்க கார் கம்பெனியிலருந்து வரும்போதே கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 தான், அதுல 40 போயிருச்சு. சில்லு, அதாவது கதவுக்கு கீழ நீளமா ஓடற பாடியோட இரும்பு ஓரம், அத விட கொஞ்சம் மேல இருந்தாலும் பத்தாது. லோ புரொஃபைல் ஜாக்கின்னு கேட்டு வாங்கினா அது 75லருந்து 90க்குள்ள இறங்கும், அது நுழையும். ஆனா முன்பக்கம் நடுவுல கிராஸ் மெம்பர்ங்கற குறுக்கு இரும்புல வச்சு தூக்கணும்னா ஜாக்கி உள்ள போயிரும், அதோட கைப்பிடி பம்பர் உதட்டுல இடிச்சு பம்ப் அடிக்க எடமே இருக்காது. நெறைய பேர் காசு செலவு பண்ணி நல்ல ஜாக்கி வாங்கினதுக்கு அப்புறம்தான் இத கண்டுபிடிக்கிறாங்க.

அதனால நான் எப்பவும் சொல்றது, ஜாக்கி வாங்கறதுக்கு முன்னாடி மரக்கடைக்குப் போங்க. மொதல் 3 அங்குலத்த சக்கரமே ஏறி எடுக்கட்டும், மீதிய ஜாக்கி பாத்துக்கும். ஒன்றரை அங்குல கனம், 10 அங்குல அகலத்துல நல்ல கெட்டி மரப்பலகை வாங்குங்க, உங்க டயர் 7 அங்குலம் போலதான், ரெண்டு பக்கமும் எடம் மிஞ்சணும். ஒரு சக்கரத்துக்கு அடியில 4 அடிப் பலகை ஒண்ணு, அது மேல இரண்டரை அடிப் பலகை ஒண்ணு, ஏறுற பக்கம் படிக்கட்டு மாதிரி வர்ற மாதிரி வச்சு ஃபெவிகால் போட்டு ஸ்க்ரூ முறுக்கிருங்க. கடைசியில சக்கரம் தாண்டி விழாம இருக்க குறுக்கால ஒரு கட்டை. இதே மாதிரி ரெண்டு செட்டு. ஒன்றரை அங்குல படியில உங்க டயர் அழகா ஏறும், பம்பரும் தட்டாது. கடையில விக்கிற ரெடிமேடு ரேம்ப்பு சரிவு ஜாஸ்தி, இறக்கின காருக்கு டயர் ஏறுறதுக்கு முன்னாடி பம்பர் போய் மோதும்.

சென்ட்ரிங் பலகை சும்மா கெடக்குதுன்னு எடுத்துக்காதீங்க, அதுல பாதி ஆணியும் வெடிப்புமா இருக்கும், மழையில நனைஞ்சு உள்ளுக்குள்ள செத்துப் போயிருக்கும். செங்கல், ஹாலோ பிளாக், கிரானைட் துண்டு மூணும் கூடவே கூடாது. இதெல்லாம் சுவரா நிக்கும்போது பாரம் பரவலா வர்றதால தாங்கும், ஒரே புள்ளியில சக்கரமோ ஜாக்கியோ அழுத்தினா முன்னறிவிப்பு இல்லாம பொலபொலன்னு ஒடஞ்சிரும். மரம் ஒடையறதுக்கு முன்னாடி முனகும், நசுங்கும், நம்மள நகர விடும்.

சரி, கார் பலகை மேல ஏறியாச்சு. ஹேண்ட் பிரேக் போடுங்க, கியர்ல விடுங்க, பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கட்டை வைங்க. கியர்ல தான் இருக்கே எதுக்கு கட்டைன்னு கேக்கலாம். உங்க கார் முன் சக்கரம் ஓடுற வண்டி, ஒரு முன் சக்கரத்த தரையிலருந்து தூக்கின நிமிஷமே ரெண்டு சக்கரத்தயும் சேக்குற டிஃபரன்ஷியல் வழியா இன்னொரு முன் சக்கரம் உருள முடியும், கியர் பிடிக்காது. அப்ப கார பிடிச்சிருக்கறது ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் மட்டும்தான். பின்பக்கம் தூக்குறதா இருந்தா கட்டை முன் சக்கரத்துக்கு.

வீல் நட்ட சக்கரம் தரையில இருக்கும்போதே கால் சுத்து லூஸ் பண்ணிருங்க. தூக்கின அப்புறம் ஸ்பேனர்ல ஏறி மிதிச்சீங்கன்னா மொத்த காரும் ஆடும். திரும்ப மாட்டும்போதும் கடைசி டைட்டு கீழ இறக்கினதுக்கு அப்புறம்தான், உங்க வண்டிக்கு 108 நியூட்டன் மீட்டர்.

ஜாக்கி எங்க வைக்கிறதுன்னா, சில்லுக்கு அடியில ரெண்டு தகடு சேந்து வெல்டு ஆன மடிப்பு ஒண்ணு நீளமா ஓடும், அதுல முன் சக்கரத்துக்குப் பின்னாடியும் பின் சக்கரத்துக்கு முன்னாடியும் சின்னதா ரெண்டு ரெண்டு வெட்டு இருக்கும், அந்த ரெண்டு வெட்டுக்கு நடுவுலதான். மடிப்பு மேல இரும்புத் தலைய நேரா வச்சா தகடு மடங்கிரும், அடுத்த தடவ அங்க ஜாக்கியே நிக்காது, பெயிண்டு போய் துருவும் பிடிக்கும். நடுவுல வெட்டு விட்ட ரப்பர் பேடு விக்கிறாங்க, மடிப்பு அந்த வெட்டுக்குள்ள உக்காந்து பாரம் ரெண்டு பக்கத் தகட்டுல எறங்கும். ஆயில் சேம்பர், கியர் பாக்ஸ், நடு ஃப்ளோர் தகடு, பின்னாடி ஸ்டெப்னி கெடக்கிற குழி, இதுல எதுலயும் வைக்காதீங்க. சந்து பத்தலன்னு கொஞ்சம் உள்ள தள்ளி ஃப்ளோர்ல வச்சு தூக்கிட்டு, கார்ப்பெட்டுக்கு அடியில மேடு தட்டின கார நானே பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, இத யாரும் சொல்லித் தர்றதில்ல. ட்ராலி ஜாக்கியோட தலை நேரா மேல போகாது, வில்லு மாதிரி வளைஞ்சு போகும். கார் கட்டையில நிக்குது, நகராது. அப்ப ஜாக்கிதான் தன் சக்கரத்துல கொஞ்சம் உருண்டு காருக்கு அடியில போகணும். பார்க்கிங் டைல்ஸ் சந்துலயோ சின்ன கல்லுலயோ அந்த சக்கரம் மாட்டிக்கிச்சுன்னா ஜாக்கி உருளாது, அதோட தலைதான் காருல வழுக்கும். ஜாக்கி வழுக்கி விழுந்துச்சுன்னு நாம கேள்விப்படற கதையில நெறைய இப்படி நடந்ததுதான். அதனால ஜாக்கிய ஒரு தரம் தூக்குங்க, நில்லுங்க, உருளுதான்னு பாருங்க, அப்புறம் அடுத்தது. தரை சரியில்லன்னா 18 மில்லிமீட்டர் பிளைவுட்டு 2 அடிக்கு 4 அடி போட்டு அது மேல ஜாக்கிய விடுங்க. மத்தியான வெயில்ல தார் ரோட்டுல இந்த வேலையே வேண்டாம், தார் எளகி, தூக்கின கார தாங்கி நிக்கிறதுக்கு அடியில வைக்கிற இரும்பு ஸ்டாண்டோட காலு உள்ள எறங்கும்.

அண்ணே, சில்லுல ஜாக்கி வைக்கணும்ங்கறாங்க, அதே எடத்துலதான் ஸ்டாண்டும் வைக்கணும்ங்கறாங்க. ஒரு எடம்தான இருக்கு, ரெண்டையும் எப்படி வைக்கிறது?
ஒரு வாசகர், திண்டுக்கல்

நியாயமான கேள்வி தம்பி, மேனுவல் எழுதறவங்க டயர் மாத்தறதோட நிறுத்திக்கிறாங்க, அதுக்கு ஸ்டாண்டு தேவையில்லன்னு விட்டுர்றாங்க. வழி ரெண்டு இருக்கு. மொத வழி, முன்பக்கம் நடுவுல இருக்கிற கிராஸ் மெம்பர், அதாவது இன்ஜினுக்கு அடியில ரெண்டு பக்கத்தையும் சேக்குற கெட்டியான இரும்பு, அதுல ஜாக்கிய வச்சு முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் சேத்து தூக்கிட்டு ரெண்டு சில்லு எடத்துலயும் ஸ்டாண்டு வைக்கிறது. உங்க வண்டியில அந்த எடத்த சர்வீஸ் மேனுவல் ஒத்துக்குதான்னு பாத்துட்டு செய்யுங்க, எல்லா வண்டிக்கும் ஒண்ணு இல்ல, சில வண்டியில அந்த நடுவுல ரேடியேட்டர் தாங்குற மெல்லிசு தகடுதான் இருக்கும், ரெண்டும் பாக்க ஒரே மாதிரி தெரியும். ரெண்டாவது வழி, ஒரே பக்கத்துல பின் சில்லு எடத்துல ஜாக்கி வச்சு நல்லா தூக்கினா, பாடி வெறப்பா இருக்கறதால முன் சில்லும் கூடவே கொஞ்சம் ஏறும், ஸ்பிரிங் வெறப்பா இருக்கிற இறக்கின வண்டியில இது இன்னும் நல்லாத் தெரியும். முன்னாடி ஸ்டாண்டு நுழையற அளவு ஏறினா வைங்க, ஏறலன்னா இன்னும் இன்னும்னு பம்ப் அடிக்காதீங்க, மொத வழிக்குப் போங்க.

ஸ்டாண்டு வாங்கும்போது ஒசரத்தயும் பாருங்க. 3 டன் ஸ்டாண்டு முழுசா இறக்கினாலே 280 மில்லிமீட்டர் பக்கம் வரும், உங்க சில்லு இருக்கிறது 130லயோ 140லயோ, ஆக அதுக்கே 150 மில்லிமீட்டர் தூக்கணும். அதோட இறக்கின காருல பழைய ஷாக்க அப்படியே விட்டிருந்தா சக்கரம் தொங்குற தூரம் மாறியிருக்காது, பாடி மட்டும் கீழ இருக்கு, அதனால 40 இறக்கினவங்க சக்கரம் தரைய விடறதுக்கே கூட 40 தூக்கணும்.

பல்லு வச்ச ஸ்டாண்டுல பல்லு முழுசா மாட்டுச்சான்னு கண்ணால பாத்தாகணும். 2020ல அமெரிக்காவுல பல்லு சரியா பிடிக்காம பாரத்தோட எறங்குதுன்னு லட்சக்கணக்கான ஸ்டாண்ட திரும்ப வாங்கினாங்க. குறுக்கால பின்னு சொருகுற ஸ்டாண்டு கெடைச்சா நான் அதத்தான் வாங்குவேன்.

ஸ்விஃப்ட் வண்டி, ஸ்பிரிங் ரெண்டு சுத்து கட் பண்ணியிருக்கு. போன வாரம் நைட்டு மேலூர் தாண்டி பஞ்சர். டயர் உக்காந்ததுக்கு அப்புறம் வண்டியோட வந்த ஜாக்கியே உள்ள போகல, ஒரு லாரி டிரைவர் அண்ணன்தான் நிறுத்தி உதவி பண்ணாரு. தனியா மாட்டினா என்ன செய்யறது?
ஒரு வாசகர், மதுரை

அந்த டிரைவர் நல்லா இருக்கணும். டயர் ஃப்ளாட் ஆனா சைடுவால் மடங்கி அந்த மூலை மட்டும் இன்னும் 2, 3 அங்குலம் எறங்கிரும், அதான் பிரச்சனை. டிக்கியில ரெண்டு பொருள் போட்டு வைங்க. ஒண்ணு, ஒன்றரை அடி நீளத்துல மேல சொன்ன அதே பலகை. பஞ்சரான சக்கரத்துக்கு முன்னாடி போட்டு மெதுவா ஒரு முழம் நகத்தி மேல ஏத்துனீங்கன்னா ஒன்றரை அங்குலம் கெடைக்கும், பெரும்பாலும் அது போதும். இன்னொண்ணு, 12 வோல்ட்டுல ஓடற சின்ன ஏர் பம்ப்பு. ஆணி குத்துன டியூப்லெஸ் டயர்ல காத்து நின்னுரலன்னாலும் எறங்க கொஞ்ச நேரம் ஆகும், அந்த நேரத்துல ஜாக்கிய உள்ள வச்சுரலாம். அதுக்கு முன்னாடி, வண்டிய ரோட்ட விட்டு எவ்வளவு தூரம் ஓரம் கட்ட முடியுமோ கட்டுங்க, ரிம்மு போனா போகட்டும், நைட்டு நாலு வழிச்சாலையில டிராஃபிக் பக்கம் குனிஞ்சு உக்காந்து டயர் மாத்தறதுக்கு ரிம்மு வெலை ஒரு வெலையே இல்ல. கழட்டின சக்கரத்தயும் ஸ்டெப்னியையும் மாத்தி மாத்தி சில்லுக்கு அடியில படுக்க வச்சுட்டே வேலை பாருங்க, ஜாக்கி சாஞ்சா அதுமேல விழும்.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு. கட் பண்ணின ஸ்பிரிங் இருக்கே, சக்கரம் தொங்கும்போது அது லூஸாயிரும், ஏன்னா ஷாக்கு நீளம் அப்படியே இருக்கு, ஸ்பிரிங்கு மட்டும் குட்டை. ஸ்விஃப்ட்டுல பின்னாடி ஸ்பிரிங் தனி ஷாக் தனி, அதனால தூக்கி நிறுத்தும்போது ஸ்பிரிங் எடத்த விட்டு நகந்து கோணலா உக்காரும், சில சமயம் கழண்டே விழும். பாக்காம கார இறக்கினீங்கன்னா அப்படியே அமுங்கி ஓடும்போது தெறிக்கும். இறக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஸ்பிரிங்கோட மேல் நுனியும் கீழ் நுனியும் அதோட கிண்ணத்துல உக்காந்திருக்கான்னு பாருங்க. உண்மைய சொன்னா அந்த ஸ்பிரிங்க மாத்திருங்க தம்பி. கட் பண்றது 500 ரூவாயோட முடியுற வேலையா தெரியும், ஒவ்வொரு தடவ கார தூக்கும்போதும் அது பயத்த கொடுக்கும்.

கார இறக்கறது சட்டப்படி தப்பா?
ஒரு வாசகர், வேலூர்

கம்பெனி கொடுத்த அளவ விட்டு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதி பண்ணிருச்சு. 2019ல திருத்தின சட்டத்துல ஒரு மாத்தத்துக்கு 5,000 ரூவா அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு இருக்கு. தெரிஞ்சு முடிவு பண்ணுங்க. ஏற்கனவே இறக்கினவங்க அத தூக்கும்போது அடிபடக் கூடாதுன்னுதான் நான் இவ்வளவும் எழுதறேன்.

அண்ணே, இங்க டயர் கடையில ரெண்டு தூண் லிஃப்ட்ல ஏத்தும்போது என் மைவி காரோட சைடு ஸ்கர்ட்டு ஒடஞ்சிருச்சு. கடைக்காரங்க கார் ரொம்ப தாழ்வுன்னு சொல்றாங்க. யார் தப்பு?
ஒரு வாசகர், கிள்ளான், மலேசியா

தப்ப விடுங்க, அடுத்த தடவ ஒடையாம பாத்துக்கலாம். லிஃப்ட்டோட கை உள்ள போறதுக்கே அதோட தலை ஒசரம் வேணும், தாழ்ந்த கார்ல அது ஸ்கர்ட்ட ஒரசிட்டே உள்ள போகும். லிஃப்ட்டுக்கு நடுவுல நாலு பலகை போட்டு கார அது மேல ஏத்தச் சொல்லுங்க, அப்புறம் கைய உள்ள விட்டா எடம் தாராளமா இருக்கும். அவங்க கிட்ட பலகை இல்லன்னா நீங்களே கொண்டு போங்க. தலைய எந்த எடத்துல வைக்கணும்னு ஸ்கர்ட்டுல சின்னதா ஸ்டிக்கர் ஒட்டிருங்க, அங்க வேலை பாக்குற பையனுக்கும் அது உதவி. ஏர் பேக் சஸ்பென்ஷன் போட்டவங்களுக்கும் சேத்து சொல்றேன், காத்து அடிச்சு கார் ஒசந்திருக்குன்னு அடியில போயிராதீங்க, ஒரு ஹோஸ் கழண்டா ஒரு நொடியில படுத்துரும்.

சார், என் பையன் காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிறான். கார இறக்கி வச்சுட்டு லீவு நாள்ல எல்லாம் அதுக்கு அடியிலயே கெடக்கான். வெறும் ஜாக்கிதான் போட்டிருக்கான், கேட்டா 2 டன் தாங்கும்மா, நம்ம கார் 1 டன்தான்ங்கறான். எனக்கு பயமா இருக்கு. நான் பயப்படறது சரியா?
ஒரு தாய், சேலம்

சரிதாம்மா. நீங்க பயப்படறதுதான் சரி.

2 டன் தாங்கும்ங்கறது ஜாக்கிக்கு தூக்குற பலம், பிடிச்சு நிக்கிற பலம் இல்ல. உள்ள இருக்கிறது எண்ணெய், அத அடைச்சு வச்சிருக்கறது ஒரு ரப்பர் சீலு. சீலு தேஞ்சா கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், திடீர்னு விட்டாலும் விடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. கைப்பிடிய யாராவது தெரியாம திருகினா வால்வு தெறந்துக்கும். சாதாரண காரா இருந்தா சக்கரம் கழட்டின அப்புறம் விழுந்தாலும் அடியில கொஞ்சம் சந்து மிஞ்சும்னு வச்சுக்கலாம், இறக்கின காருல அந்த சந்தே இல்ல.

எனக்கு 22 வயசுல ஒரு நாள், ஒரு ஷெட்டுல பாட்டில் ஜாக்கி மேல நின்ன காருக்கு அடியில படுத்து சைலன்சர் நட்டு கழட்டிட்டு இருந்தேன். 14 நம்பர் ஸ்பேனர் எடுக்க வெளிய வந்தேன். டூல் பாக்ஸ்ல கைய வைக்கல, பின்னாடி சத்தம். பிரேக் டிஸ்க்கு சிமெண்டு தரையில ரெண்டு விரக்கடை ஆழத்துக்கு எறங்கியிருந்துச்சு. நான் படுத்திருந்த சாக்கு அடியில மாட்டிக்கிட்டு வெளிய இழுக்க வரல. அன்னிக்கு வீட்டுக்குப் போய் எங்கம்மா கிட்ட சொல்லல, இன்னி வரைக்கும் சொல்லல.

பையன திட்டாதீங்கம்மா, கத்துக்கணும்னு ஆசப்படற புள்ள. ஒரு ஜோடி 3 டன் ஸ்டாண்டு வாங்கிக் கொடுங்க, அவன் பொறந்தநாளுக்கே கொடுங்க. கார் ஸ்டாண்டு மேல உக்காந்ததுக்கு அப்புறம், ஜாக்கிய முழுசா எடுத்துராம சில்ல தொட்ட மாதிரி பாரம் இல்லாம அப்படியே விடச் சொல்லுங்க. கழட்டின ரெண்டு சக்கரத்தயும் சில்லுக்கு அடியில படுக்கப் போடணும். அடியில போறதுக்கு முன்னாடி, வெளிய நின்னு ரெண்டு கையாலயும் கார நல்லா ஒரு தள்ளு தள்ளிப் பாக்கணும், ஆடினா எறக்கி மறுபடி வைக்கணும். அந்த தள்ளற வேலைய நீங்க செய்யுங்கம்மா, நீங்க தள்ளி கார் ஆடலன்னா அவன் அடியில போகட்டும். அவன் அங்க இருக்கிற வரைக்கும் வீட்டுல யாராவது ஒருத்தர் கூப்பிடு தூரத்துல இருங்க, ஜாக்கி கைப்பிடிய கழட்டி உங்க பக்கத்துல வச்சுக்கோங்க.